காரைக்குடி டு சிங்கப்பூர்: நாலு மணி நேர பிளைட்டுக்குப் பத்தே முக்கால் மணி நேரக் கணக்கு

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், கோலாலம்பூர் 2,690. டிக்கெட்டில் இரண்டுக்குமே நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அதை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது.

நள்ளிரவு 12.30-க்கு பிளைட் என்று வையுங்கள். மூன்று மணி நேரம் முன்னால், அதாவது இரவு 9.30-க்கு, ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரம். பஞ்சர், டோல்கேட் வரிசை, வழியில் ஒரு காபி என்று இன்னும் அரை மணி. ஆக, சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். பறப்பது 4 மணி 10 நிமிடம் என்றால், இறங்கும்போது நம்ம நேரம் 4.40, அங்கே காலை 7.10. இமிக்ரேஷன் முடித்துப் பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய பத்தே முக்கால் மணி நேரம்.

அதிகம் பேர் தவறவிடுவது தேதியில். 15-ஆம் தேதி 00.30 என்றால், கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். 15-ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் பிளைட் முந்தின ராத்திரியே போயிருக்கும். ஆச்சி, ஐயாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் டிக்கெட்டை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். "14-ஆம் தேதி, சாயங்காலம் 7 மணிக்குக் கார் வரும்" என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் நீங்களே ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

மதுரையா, திருச்சியா என்றால் நம்ம பக்கத்துக்குத் திருச்சிதான். அங்கே ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டிலேயே, ஊருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மதுரையில் ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே அவனியாபுரம் பக்கம் போக வேண்டும். போகிற வழியில் பிள்ளையார்பட்டி வேறு. சதுர்த்தி சமயத்தில் கூட்டம் தாங்காது. சென்னை போய் ஏறுவதில் தூரமும் மிச்சமாகாது. சென்னை–சிங்கப்பூரே 2,920 கிலோமீட்டர். வெறும் 60 கிலோமீட்டர் குறைவதற்காக ரோட்டில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 2,980-ஐக் கடக்க 3 மணி 35 நிமிடம் போதும். மிச்ச நேரம் ஓடுதளத்துக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்குப் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும்போது அது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. சிங்கப்பூரில் இறங்கி இன்னொரு பிளைட் மாறுகிறவர்கள், அதுவும் தனி டிக்கெட் என்றால், நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறினால் டிக்கெட்டில் 9.45-க்குத் திருச்சி என்று இருக்கும். அது இந்திய நேரம்தான். இரண்டரை மணி நேரத்தை மறுபடி கழிக்காதீர்கள். கஸ்டம்ஸ் முடிந்து வெளியே வர எப்படியும் பத்தரை, பதினொன்று ஆகும். டிரைவரை அந்த நேரத்துக்கு வரச் சொன்னால் போதும்.