மொரோக்கோவை ஃபெஸ்ஸில் தொடங்குங்கள்

மொரோக்கோவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் மராக்கெஷில் இறங்கி, மூன்று நாள் பாலைவனச் சுற்றுலா ஒன்றைப் பிடித்து, திரும்ப மராக்கெஷுக்கே வருகிறார்கள். பாலைவன ஓரத்து ஊரான மெர்சூகா அங்கிருந்து சுமார் 560 கிலோமீட்டர். ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். போன வழியே திரும்பினால் பாதிப் பயணம் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். ஃபெஸ், மெர்சூகா, மராக்கெஷ் என்று ஒரே திசையில் போங்கள். ஃபெஸ்ஸிலிருந்து மெர்சூகா ஏழெட்டு மணி நேரம்தான்.

மலிவாகக் கிடைக்கும் 'இரண்டு நாள் சஹாரா' பெரும்பாலும் ஸகோரா என்ற ஊரோடு நின்றுவிடும். படங்களில் பார்க்கும் பெரிய மணல்மேடுகள் அங்கே இல்லை. அவை மெர்சூகாவை ஒட்டிய எர்க் செப்பி மணல்வெளியில் இருக்கின்றன. சில மேடுகள் 150 மீட்டர் வரை உயரும். பணம் கட்டுவதற்கு முன் எந்த மணல்வெளி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஃபெஸ்ஸின் பழைய நகரத்துக்குள் கார் போகாது. சந்துகள் குறுகல், சுவர்கள் உயரம் என்பதால் கைபேசி வரைபடம் அடிக்கடி தடுமாறும். நிலத்தின் சரிவை நம்புங்கள். பாப் பூஜ்லூத் வாசல் மேட்டில் இருக்கிறது. 859-இல் நிறுவப்பட்ட கரவிய்யீன் பள்ளிவாசல் பள்ளத்தில், ஆற்றுப் பக்கம். வழி தவறினால் தலா கெபீரா, தலா ஸ்கீரா என்ற இரண்டு முக்கியத் தெருக்களில் ஒன்றைப் பிடித்து மேடேறுங்கள், வாசலுக்கு வந்துவிடலாம். "இந்த வழி அடைத்துவிட்டார்கள், நான் காட்டுகிறேன்" என்று ஒருவர் கூடவே வந்தால், முடிவில் காசு கேட்பார். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வழி கேட்பதானால் கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். பின்னால் "பாலாக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டி நில்லுங்கள்: கோவேறு கழுதை வருகிறது, அதன் முதுகுச் சுமை சந்து முழுவதையும் அடைக்கும். வெள்ளிக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும். சந்தைக்கு அந்த நாளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபெஸ்ஸின் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை, அவற்றைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். காலையில் போங்கள், வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்திருக்கும். சுண்ணாம்பு மயிரைக் கழற்றும், எச்சத்திலுள்ள அம்மோனியா தோலை மென்மையாக்கும். வண்ணத் தொட்டிகள் அதற்கு அடுத்த கட்டம். பை வாங்குவதானால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கத்தையும் தையலையும் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் நாளை உங்கள் சட்டையிலும் ஒட்டும். வேறு பை பாருங்கள்.

மெர்சூகா பக்கம் போகுமுன் எர்ஃபூத் அல்லது ரிஸானியில் ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். பல இயந்திரங்கள் ஒருமுறைக்கு 2,000 திர்ஹம்தான் (மொரோக்கோ நாணயம்) தரும்.

ஒட்டகம் முதலில் பின்னங்கால்களைத் தூக்கித்தான் எழும். அந்த நொடியில் முன்பக்கம் சரிந்துவிடுவோம். இரண்டு கைகளாலும் பிடியை இறுகப் பற்றி நன்றாகப் பின்னால் சாயுங்கள். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். அரைக்கால் சட்டையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தொடை உரசிப் புண்ணாகிவிடும், தளர்ந்த முழுக்கால் சட்டையே நல்லது. மணல்காற்று மார்ச், ஏப்ரலில் அதிகம். கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், மணலில் லென்ஸ் மாற்றவே கூடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும். கோடையில் 45 டிகிரிக்கு மேல் போகும். கோடை மாதங்களைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

மராக்கெஷ் போகும் வழியில் தின்கிரில் ஒரு இரவு தங்கினால் தோத்ரா பள்ளத்தாக்கைக் காலை வெளிச்சத்தில் பார்க்கலாம். அடுத்து ஐத் பென் ஹத்தூ என்ற பழைய மண்கோட்டைக் கிராமம், பிறகு 2,260 மீட்டர் உயரத்தில் திஸி ந் திஷ்கா கணவாய். வளைவுகளில் குமட்டும், முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். ஆகவே கணவாய் தாண்டும் நாளுக்கு மறுநாளே விமானம் என்று வைக்காதீர்கள்.

மிஞ்சும் திர்ஹமை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம். பணம் மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையும் முன்பே திருப்பி மாற்றிவிடுங்கள்.