மானுக்கு ஒரு வசனம்

“மான் ஒன்றுமே பேசவில்லையே, தம்பி?” என்று, நான் வரைந்த சித்திரக்கதையைப் பார்த்துச் சிறுவர் இதழின் ஆசிரியர் கேட்டார். மான் பேசாது ஐயா என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னதோ, “அந்தக் கட்டத்தில் இடமில்லை, ஐயா.”

அது பொய்யும் அல்ல. நான் எழுத்தைத்தான் முதலில் எழுதுவேன். நீலப் பென்சிலால் கட்டம் பிரித்து, வசனங்களை எழுதி, அவற்றைச் சுற்றிப் பலூன் போட்ட பிறகே ஆட்களை வரைவேன். தமிழில் இதை மாற்றிச் செய்தால் தொலைந்தோம். ‘எறிந்துவிட்டாயா’ என்ற ஒரே சொல் சிறிய கட்டத்தின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் உடைத்தால் பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவார்கள். மூன்றாம் கட்டத்தை எழுத்தே இல்லாமல் விட்டிருந்தேன். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் பழம் கொண்டுபோன பையன் வெறும் சொப்பிங் பையை, மான்கள் திரியும் கோட்டைக்குள் எறிந்துவிட்டுப் போகிறான். அடுத்து, அந்த மூன்றாம் கட்டத்தில், மானின் தலை மட்டும், கட்டத்தை நிறைத்து. வாயில் பையின் கைபிடி தொங்குகிறது.

“‘ஐயோ, வயிறு வலிக்கிறதே’ என்று போடுங்கள். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டாமா?”

அவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். நான் அறைக்குள் தனியே இருந்து வரைபவன். அவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. ஆனால் பொலித்தீன் தின்ற உடனே மானுக்கு வலிப்பதில்லை. அது இரைப்பையில் தங்கி, அடைத்து, மெல்லத்தான் கொல்லும். பேசிய மான் என்றால் எனக்கு மாரீசன்தான் நினைவுக்கு வருகிறான். அவனும் அம்பு பட்ட பிறகுதான் கத்தினான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பயந்து அல்ல, அவர் தருவது அவ்வளவு பெரிய தொகையும் இல்லை. வாதத்தில் வென்றாலும் பக்கம் அவருடையதுதானே?

படத்தில் ஓர் இடத்தை வெள்ளைப் பூச்சால் மறைத்து, அதன் மேல் பலூன் போடப் பார்த்தேன். மாரிகாலத்து ஈரத்தில் பூச்சு காயாமல், இந்தியன் மை நூல் நூலாகப் பரவியது. கடைசியில் வேறு அட்டையில் மானைச் சிறிதாக வரைந்து ஒட்டினேன். அவர் சொன்ன வசனத்தைப் போடவில்லை. மான் பையை மென்றுகொண்டே கேட்கிறது: “இது என்ன பழம்?”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்களாம். சிரிக்க வேண்டிய இடமா அது? அவர் வற்புறுத்தியிராவிட்டால் அந்த வரி எனக்கு வந்திராது என்பதையும் மறுக்க முடியவில்லை. ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்ததை அச்சில் சுருக்கியபோது, மானின் கண் வெறும் புள்ளியாகிவிட்டது. முதலில் வரைந்த தலையில் அந்தக் கண்ணுக்காகத்தான் அதிக நேரம் செலவிட்டிருந்தேன். வசனம் படத்தைத் தின்றுவிடக்கூடாது என்று பழகவருகிற பிள்ளைகளுக்கு இப்போதும் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த இதழுக்கான வசனங்களை எழுதி முடித்துவிட்டேன். முதற் கட்டத்திலேயே மான் பேசுகிறது. ஆசிரியர் இம்முறை கேட்கவேயில்லை.