பதினாலு வயசுத் தூக்கம்

"பத்து மணிக்குப் படுடான்னா படுக்க மாட்டேங்கிறான், காலையில எழுப்பினா எரிஞ்சு விழுறான்." வீட்டுக்கு வீடு இதே புலம்பல். திமிர் இல்லைங்க. பருவ வயதில் தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கும். 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஆறுதான். அந்தப் பாக்கிதான் காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுக் கதவை அறைகிறது.

ஞாயிறு மதியம்வரை தூங்கவிட்டால் அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போய் திங்கள் காலை ரணகளம். ஒரு மணி நேரம் கூடுதல் போதும். எழுந்ததும் மொட்டைமாடியில் கால் மணி நேர வெளிச்சம், மாலையில் காபி கிடையாது, செல்போன் சார்ஜர் ஹாலில். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். ஒரேயடியாக ஒன்பதரை என்றால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பான்.