கட்டுப்பாட்டு அறையின் எல்லா இருக்கைகளிலும் அமர்ந்து பாருங்கள்: தொலைக்காட்சித் தயாரிப்புப் படிப்பு அனுபவம்

தொலைக்காட்சித் தயாரிப்பைப் படிக்க வருபவர்களில் பலர் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றில் ஒன்றை முன்பே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அரைமணி நேர நேரலை ஒன்று வீடுகளைச் சென்றடைய, தளத்தில் ஃப்ளோர் மேனேஜர், கட்டுப்பாட்டு அறையில் கேமராக் காட்சிகளை மாற்றும் விஷன் மிக்சர், ஒலிப் பொறியாளர், கிராஃபிக்ஸ் இயக்குபவர், டெலிபிராம்ப்டர் இயக்குபவர், நேரம் கணக்கிடும் தயாரிப்பு உதவியாளர், அதற்கும் அப்பால் எம்.சி.ஆர். என்னும் முதன்மைக் கட்டுப்பாட்டு அறையில் ஒளிபரப்பைக் கவனிப்பவர் எனப் பலர் ஒரே நொடியில் வேலை செய்கிறார்கள். இந்த இருக்கைகள் அனைத்திலும் ஒருமுறையாவது அமர்ந்த பிறகுதான் சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்முறைத் தேர்வுக்கும் இதுவே சரியான தயாரிப்பு. பல கேமராக்களைக் கொண்டு தளத்தில் நடத்தும் பயிற்சியில் மாணவர்கள் சுழற்சி முறையில் இடம் மாறுவார்கள். தேர்வாளர் பார்ப்பது ஒருவரின் தனித்திறமையை மட்டுமன்று, பக்கத்து இருக்கையின் தேவையை அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதையும்தான். இயக்குநர் ‘ஸ்டாண்ட்பை டூ’ என்று டாக்பேக் என்னும் உள்தொடர்பில் சொன்னதும் இரண்டாம் கேமராக்காரர் காட்சியை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘டேக் டூ’ என்ற சொல் வரும்போது விஷன் மிக்சரின் விரல் பொத்தானின் மேல் இருக்க வேண்டும். தளத்தில் மைக் திறந்திருப்பதால் கேமராக்காரர் வாயால் பதில் சொல்ல முடியாது. ஆகவே தன் கேமரா ஒளிபரப்பில் இல்லை என்பதை டேலி விளக்கைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கேமராவையே மேலும் கீழும் அசைத்து ஆம் என்றும், பக்கவாட்டில் அசைத்து இல்லை என்றும் தெரிவிப்பார். இந்த ஒழுங்கு பாடக்குறிப்பால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. தேர்வுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து, கருவிகள் இல்லாவிட்டாலும், வெறும் குரலில் ரன்டவுனை (நிகழ்ச்சிப் பகுதிகளின் வரிசைப் பட்டியலை) முழுமையாக ஓட்டிப் பழகுங்கள். எங்கள் குழுவுக்கு அதைவிடப் பயனளித்த பயிற்சி வேறில்லை.

இவற்றுள் நான் மிகவும் மதிப்பது தயாரிப்பு உதவியாளரின் நேரக்கணக்கு. மாணவர்கள் அதிகம் பொருட்படுத்தாத இருக்கையும் அதுதான். நிகழ்ச்சி 7:28:30 மணிக்கு முடிந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறைவுப் பெயர்ப்பட்டியலுக்கு 40 நொடி என்றால் அது 7:27:50க்குத் தொடங்க வேண்டும்; அதற்கு முந்தைய நேர்காணலுக்கு 3 நிமிடம் 20 நொடி என்றால் அது 7:24:30க்குத் தொடங்கியாக வேண்டும். இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வொரு பகுதிக்கும் கடைசித் தொடக்க நேரத்தை ரன்டவுனில் குறித்து வைத்திருப்பவரால் மட்டுமே, விருந்தினர் நீட்டிப் பேசும்போது எந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று இயக்குநருக்கு உடனே சொல்ல முடியும். அறுபதின் அடிப்படையில் மனக்கணக்குப் போடும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். தேர்வில் கால்குலேட்டர் தரப்பட்டாலும், எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே அதைத் தட்டுவது கடினம்.

எழுத்துத் தேர்வில் பலர் தடுமாறும் பகுதி டைம்கோட், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (தனிப்படத்துக்கும்) மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் எனத் தரப்படும் எண். எண்களை மனப்பாடம் செய்யாமல், காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. அமெரிக்காவில் 1953இல் ஏற்கப்பட்ட வண்ண ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 30 ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 29.97 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே 30 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 108 எண்கள், அதாவது 3.6 நொடி, உண்மையான கடிகாரத்திலிருந்து விலகிவிடும். இதைச் சரிக்கட்டவே டிராப்-ஃப்ரேம் முறையில் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்கள் தவிர்க்கப்படுகின்றன. பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தவிர்ப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் 54 முறை இரண்டிரண்டாக விட்டால் 108 கிடைக்கும். விடப்படுபவை எண்கள் மட்டுமே, படம் எதுவும் வெட்டப்படுவதில்லை என்ற வரியை விடையில் கட்டாயம் எழுதுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் என்ற முறையைப் பின்பற்றும் நாடுகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

ஒலிப்பாடத்திலும் இதே வழி பொருந்தும். விளம்பரங்களின் உச்ச அளவு நிகழ்ச்சியின் உச்ச அளவைத் தாண்டாவிட்டாலும், மெல்லிய ஒலிகளும் உயரும்படி ஒலி நெருக்கப்பட்டிருப்பதால் காதுக்கு உரக்கக் கேட்கிறது. உச்சத்தை மட்டும் அளந்தால் போதாது, கேட்கப்படும் சராசரி உரப்பையும் அளக்க வேண்டும் என்ற தேவை இதனால்தான் எழுந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரை அதை மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்று நிர்ணயித்தது. படப்பொறியாளரின் வேலையில் வேவ்ஃபார்ம் என்னும் கருவி ஒளியளவையும் வெக்டர்ஸ்கோப் என்னும் கருவி வண்ணத்தையும் காட்டுகின்றன. ஒரே முகத்தை மூன்று கேமராக்களில் மாறி மாறிப் பார்த்து, தோல்நிறம் ஒன்றுபோல் வரும்வரை சரிசெய்யும் பயிற்சியை விரும்பிச் செய்தவர்கள், பின்னாளில் வண்ணச் சீரமைப்பிலும் எளிதாகக் காலூன்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொறியியல் நாட்டம் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆய்வாளர், காட்சித் தொடர்ச்சியைக் கண்காணிப்பவர், வசன வரி (சப்டைட்டில்) எழுதுபவர், ஆவணக் காப்பகத்தில் காட்சிகளை வகைப்படுத்துபவர் ஆகியோருக்கு மொழித்திறனும் நினைவாற்றலும்தான் முதலீடு. குறிப்பாக வசன வரியில், பேசிய அனைத்தையும் எழுத முடியாது. பார்வையாளர் படித்து முடித்துப் படத்தையும் பார்க்கும்படி இரண்டு வரிக்குள் பொருளைச் சுருக்க வேண்டும். நல்ல மொழியறிவு உள்ளவர்கள் இந்தப் பணியைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் ஒரு நெருக்கடியைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நேரலையில் தொகுப்பாளரின் மைக் செயலிழந்தால் என்ற கேள்விக்கு, ஒலிப் பொறியாளர் மாற்று மைக்கைத் திறப்பது, அதுவும் இல்லையெனில் ஃப்ளோர் மேனேஜர் கைமைக்கைக் கொண்டு சேர்ப்பது, அந்த இடைவெளியை இயக்குநர் பதிவு செய்த காட்சியால் நிரப்புவது என்று யார் எதைச் செய்வார் என வரிசையாகச் சொல்லுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஷோரீலை (உங்கள் வேலைகளின் மாதிரித் தொகுப்பை) ஓரிரு நிமிடத்துக்குள் முடித்து, ஒவ்வொரு துண்டிலும் உங்கள் பங்கு என்ன என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டுங்கள். குழுவின் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுபவரைத் துறையினர் விரைவில் கண்டுகொள்வார்கள். முதல் வேலை பெரும்பாலும் ரன்னர் (சிறு வேலைகளை ஓடியாடிச் செய்பவர்) அல்லது இன்ஜெஸ்ட் உதவியாளர் (படப்பதிவுகளைக் கணினியில் ஏற்றுபவர்) நிலையில்தான் கிடைக்கும். அதிகாலை, நள்ளிரவு ஷிஃப்டுகளும் விடுமுறை நாள் பணியும் இந்தத் துறையில் இயல்பானவை என்பதால், குடும்பத்தினரிடம் அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். படக்கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடுவது, பிரதி எடுத்துச் சரிபார்ப்பது, நினைவக அட்டையை அழிக்கும் முன் ஒருவரிடம் கேட்பது ஆகிய மூன்றையும் படிக்கும் காலத்திலேயே பழகிக்கொண்டவரை நம்பி அடுத்த பொறுப்பைக் கொடுக்க மேலாளர்கள் தயங்குவதில்லை.