வால்பாறையில் கூடுதலாக ஒரு நாள்

பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் போகிறது என்று முதலில் சொன்னது என் மனைவி. வால்பாறைக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சொன்னாள். "ஏங்க, பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் அந்தப் பக்கமா ஓடுது." நான் தலையைக்கூடத் தூக்காமல், "ரோடு சாய்வா இருக்கும்" என்றேன்.

தினமும் ஓட்டுகிறவன் கை, வண்டியின் கோளாறுக்குத் தக்கபடி தானாக வளைந்து கொடுத்துவிடுகிறது. எப்போதாவது ஓட்டுகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். இத்தனைக்கும் மழைத்தண்ணீர் வழிய வேண்டும் என்பதற்காக நம் சாலைகளில் இடது ஓரம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். சாய்வுக்குப் போகிற வண்டி இடது பக்கம்தானே போகும்? இந்தச் சின்னக் கணக்கு அன்று எனக்கு ஓடவில்லை.

திருப்பூரில் விடிகாலை கிளம்பி, பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி வந்து டிபன் முடித்தோம். ஆழியார் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள்ளிருந்து ஒரு கன்றுக்குட்டி சாலைக்கு ஓடிவந்தது. அழுத்தி மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் மூக்கு வலது பக்கம் திரும்பிப் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எதிரே வந்த தேங்காய் லாரிக்காரர் ஹாரனை அமுக்கியபடியே தாண்டிப் போனார். பின்சீட்டில் தூங்கிய பையன் எழுந்துவிட்டான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஆளில்லாத நேர்ச்சாலை கிடைத்தது. நாற்பது வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிரேக் தொடாதவரை வண்டி கோடு போட்டமாதிரி போனது. மிதித்தால் வலது. விட்டால் மறுபடி நேர். அப்படியானால் டயரில் காற்று கூடக்குறைய இருப்பதோ சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டோ முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதெல்லாம் பிரேக் பிடிக்காவிட்டாலும் இழுக்கும். (போன வாரம்தான் சும்மா இருக்கட்டும் என்று அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுத்திருந்தேன்.)

ஆழியாரில் நிறுத்தி முன்சக்கரங்கள் அருகே உள்ளங்கையைக் காட்டினேன். வலது சக்கரம் நன்றாகக் கொதித்தது. இடது வெதுவெதுப்புதான். மச்சானுக்கு போன் போட்டால், "சூடாகுற பக்கம் ஜாம் ஆயிருக்குங்க மாமா" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இரண்டு பேரும் தப்பு.

திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அறை போட்டாயிற்று, மேலே ஏறுவதற்குப் பிரேக் அதிகம் வேண்டாம் என்று மனசு சமாதானம் சொன்னது. ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவின் எண் பலகையும் கடக்கும்போது, நாளை இதையெல்லாம் இறங்க வேண்டுமே என்றுதான் ஓடியது. வலது பக்கம் இழுப்பதென்றால் எதிரே வரும் பேருந்தைப் பார்த்து இழுப்பது. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் இறங்கி ஆழியார் அணையைப் போட்டோ எடுத்தார்கள். நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்பாறையில் எஸ்டேட் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். கதையைச் சொன்னதும் ஒரே கேள்வி கேட்டார். "பிரேக்கை விட்ட பெறகும் இழுக்குதுங்களா தம்பி?"

"இல்லைங்கண்ணா. விட்டா நேராயிடுது."

"அப்ப வலது பக்கம் நல்லாத்தான் இருக்கும்."

வண்டியை ஜாக்கியில் ஏற்றி வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். தடையில்லாமல் சுற்றியது. ஜாம் ஆகியிருந்தால் பிரேக்கை விட்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடும்போதே அந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்றார். பிரேக் தேய்ந்து உதிர்ந்து வீல் கப்பில் அப்பியிருந்த கருப்புப் பொடியை விரலால் வழித்துக் காட்டினார். "எந்தச் சக்கரம் கருப்போ, அது வேலை செய்யுது. இடது பக்கத்தப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்குது!" அந்தச் சுத்தத்தைப் பார்த்து வாட்டர் வாஷ் பையனைப் பாராட்டியிருந்தேன்.

வலது சக்கரம் சூடானது, அது ஒன்றே இரண்டு பேர் வேலையைச் செய்ததால். பலமாகப் பிடிக்கிற பக்கத்துக்குத்தான் வண்டி திரும்பும்.

இடது சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது பேட். அதில் உள்பக்கப் பேட் தேய்ந்து மெல்லிசாகியிருந்தது. வெளிப்பக்கப் பேட் புதுசு மாதிரி தடிமனாக இருந்தது. பேட்களைப் பிடித்திருக்கும் இடுக்கிதான் காலிப்பர். எங்கள் வண்டியில் இருப்பது போன்ற காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. அது உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் (சின்னக் கம்பிகள்) மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப் பேட்டையும் டிஸ்க்கோடு சேர்க்கும். அந்தப் பின் நகராவிட்டால், ஒரு கை அசையாத இடுக்கியால் பாத்திரம் பிடித்த கதைதான்.

மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின்னுக்கு ஸ்பேனரால் தட்டித் திருக வேண்டியிருந்தது. வெளியே வந்த பின்னில் சாதாரண மஞ்சள் கிரீஸ் கட்டியாக ஒட்டியிருந்தது. நுனியில் இருந்த சின்ன ரப்பர், தண்ணீரில் ஊறிய பயறு மாதிரி உப்பியிருந்தது. பேட் மாற்றியபோது ஊரில் ஒரு பட்டறையில் தடவியது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் வீங்கிவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும் என்றார். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருந்தாலும் இதே மாதிரி இழுக்குமாம். பையனைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். பிஸ்டன் சட்டென்று நகர்ந்தது, அதனால் ஹோஸ்மீது சந்தேகம் இல்லை.

வலது பக்கத்தையும் திறக்கச் சொன்னேன். அங்கேயும் அதே மஞ்சள் கிரீஸ். அந்தப் பின் நகர்ந்தது, ஆனால் முனகிக்கொண்டே. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அதுவும் இறுகியிருக்கும்.

பின் கிட்டும் பேட் செட்டும் வால்பாறையில் கிடைக்கவில்லை. பொள்ளாச்சிக் கடைக்குப் போன் போட்டு, காலைப் பேருந்தில் கொடுத்துவிடச் சொன்னார். மலையூர்களில் மருந்து முதல் மாவு மெஷின் பெல்ட் வரை இப்படித்தான் ஏறி வருகிறது. மறுநாள் காலை ஆட்டோ பிடித்துப் புதுத்தோட்டம் போனோம். சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் கட்டியிருந்த பாலத்தில் சிங்கவால் குரங்குகள் வரிசையாகக் கடந்தன. குட்டியைச் சுமந்த ஒன்று நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. வண்டி கெட்டிருக்காவிட்டால் அந்த இடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

பதினொரு மணிக்குக் கண்டக்டர் பொட்டலத்தைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பின், ரப்பர் பூட், பேட் எல்லாம் மாறியது. ஒரு பக்கம் மட்டும் பேட் மாற்றினால் மறுபடி இழுக்கும் என்பதால் பெரியவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பும் முன் என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் மிதி தரைவரைக்கும் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கறேன், மிதிங்க" என்றார். நாலைந்து மிதியில் கெட்டியானது. எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்.

"ரெண்டாவது கியர்லயே எறக்குங்க. சரியாயிடுச்சுனு பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காதீங்க."

அப்படியே இறங்கினேன். நாற்பதில் தொடங்கிப் பலகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், தடுப்புச் சுவர் மேலிருந்து ஒரு வரையாடு சாலைக்குக் குதித்தது. மிதித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டி நேராக நின்றது. ஆடு அவசரமில்லாமல் கடந்து போனது.

ஆழியாரில் மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள். தென்னந்தோப்பு வந்ததும் கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு பிரேக் அடித்தாள். ஸ்டீயரிங் அசையவில்லை.

"ரோடு நிமிந்துருச்சுங்க போல" என்றாள்.