அமெரிக்காவில் ஆர்கிடெக்சரல் எஞ்சினியரிங்: தம்பிக்காக நாங்கள் போட்ட கணக்கு

தம்பிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆர்கிடெக்சரல் எஞ்சினியரிங் படிக்க அனுமதி வந்தது. உயர்தரப் பரீட்சையின் கணிதப் பிரிவில் அவனுடைய பெறுபேறு மோசமில்லை, ஆனால் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலுக்கு இசட் புள்ளி (இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாது. கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி எப்படி என்று இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் "மொத்தம் எவ்வளவு காசு முடியும்?" என்று கேட்டார். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். ஆகவே பதில் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் சொந்தக்காரர்களின் கற்பனையைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. "தம்பி ஆர்கிடெக்டா வரப்போறான்" என்று வெள்ளவத்தை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இந்தப் பட்டம் அதற்கில்லை. கட்டடத்தின் தாங்கு அமைப்பு, குளிரூட்டல், மின்சாரம், ஒளியமைப்பு, நீர்க்குழாய் இவற்றை வடிவமைக்கும் பொறியியலாளரைத்தான் அது உருவாக்கும். கட்டடக் கலைஞராக வேண்டுமென்றால் மொறட்டுவையில் 5 ஆண்டுப் பட்டம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்க சிட்டி ஸ்கூல் ஆஃப் ஆர்கிடெக்சர் இருக்கிறது. தம்பியிடம் நேராகக் கேட்டேன். தனக்குப் பொறியியல்தான் வேண்டும் என்றான். சரி, பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது வருமானம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத்தில் இந்தத் துறைக்குத் தனித் தலைப்பு கிடையாது. கிட்ட நிற்பது சிவில் எஞ்சினியர். 2023 மே மாதக் கணக்கின்படி அவர்களின் நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 95,890 டொலர். கட்டடக் கலைஞர்களுக்கு 93,310. இதைப் பார்த்ததும் தம்பி அதை 300 ரூபாவால் பெருக்கத் தொடங்கிவிட்டான். ஆனால் இது நேற்றுப் பட்டம் வாங்கிய பையனும் 25 வருடம் உழைத்தவரும் சேர்ந்த வரிசையின் நடுவில் நிற்கும் எண். புதிதாக வேலைக்குச் சேர்பவன் அதற்குக் கீழேதான் தொடங்குவான். நாங்கள் 70,000 என்று வைத்துக்கொண்டோம்.

பட்டத்துக்குப் பட்டம் வருமானத்தையும் கடனையும் காட்டும் ஓர் இணையக் கருவியை அமெரிக்கக் கல்வித் திணைக்களமே வைத்திருக்கிறது, காலேஜ் ஸ்கோர்கார்டு என்று பெயர். வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் முகவர் அலுவலகத்தில் அதைத்தான் திறந்து காட்டினார்கள். கடன் பகுதியில் தெரிந்த தொகை நம்பமுடியாத அளவு சிறியது. "இவ்வளவு குறைந்த கடனில் எஞ்சினியர் ஆகலாமா?" என்று அம்மா கேட்டார். அங்கேதான் நான் நிறுத்தி வாசித்தேன். அது அமெரிக்க அரசின் மாணவர் கடன் வாங்கிப் பட்டம் முடித்தவர்களின் கடன். வருமானப் பகுதியும் அரச உதவி பெற்றவர்களுடையதே. நம் பிள்ளைகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள், அவர்களுக்கு அந்தக் கடனும் கிடையாது, அந்த உதவியும் கிடையாது. அதாவது அந்தப் பக்கத்தில் உள்ள இரண்டு எண்ணிலும் தம்பியைப் போன்ற ஒருவன்கூட இல்லை. பட்டதாரிகள் குறைவான துறை என்றால் எண்ணே இருக்காது. இந்தப் படிப்பைச் சில பல்கலைக்கழகங்களே நடத்துவதால் பல இடங்கள் வெறுமையாகத்தான் இருந்தன. அங்குள்ள தனியார் வங்கிக் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை.

ஆக, கடன் கொழும்பில்தான். புலமைப்பரிசில் கழித்து, தங்குமிடம் சாப்பாடு காப்புறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டொலர். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் மொத்தச் செலவைத்தான் பார்க்க வேண்டும், முகவர் சொல்லும் கட்டணத்தை அல்ல. நான்கு ஆண்டுக்கு 120,000 டொலர், டொலர் 300 ரூபா என்றால் 3 கோடியே 60 இலட்சம். சில இடங்களில், பென் ஸ்டேட் போல, இது 5 ஆண்டுப் பட்டம். அந்த ஐந்தாவது ஆண்டு ஒரு வருடக் கட்டணத்தோடு ஒரு வருடச் சம்பளத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

300 ரூபா நிலைக்குமா என்பதுதான் என் கேள்வி. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360. இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டில் அந்த வருடம் என்ன நடந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்: 60 இலட்சமாக இருந்த செலவு 1 கோடியே 8 இலட்சம். பிள்ளை எதையும் கூடுதலாகப் படிக்கவில்லை. அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

காலி வீதியில் உள்ள வங்கியொன்றில் கடன் பிரிவு அதிகாரி பொறுமையாக விளக்கினார். அம்மாவின் காணி உறுதி, மதிப்பீட்டு அறிக்கை, அப்பாவின் சம்பளப் பட்டியல், என்னுடையதும், கிரிப் அறிக்கை (பழைய கடன்களைக் கட்டிய வரலாறு), இரண்டு பிணையாளிகள். படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் கட்டலாம் என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. 1 கோடிக்கு 15 வீதம் என்றால் மாதம் 125,000 ரூபா, வாங்கிய கடன் தொகையில் ஒரு சதமும் குறையாமல். அப்பா ஓய்வுபெற அதிக காலம் இல்லை. அவர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார், அதுதான் எனக்குப் பயம்.

திருப்பிக் கட்டுவதையும் பார்த்தோம். படித்து முடித்தபின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். பொறியியல் பட்டம் என்பதால் மேலும் 24 மாதம். அதற்குமேல் எச்-1பி என்ற வேலை விசா, அது குலுக்கல். ஆகவே நிச்சயமாக நம்பக்கூடிய டொலர் வருமானம் மூன்று ஆண்டுக்குத்தான், அதுவும் வேலை கிடைத்தால். 120,000 டொலரை மூன்று ஆண்டில் அடைக்க வட்டியில்லாமலே வருடம் 40,000 அனுப்ப வேண்டும். 70,000 சம்பளத்தில் வரியும் வாடகையும் போனபின் அது நடக்காது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: கடன் ரூபாவில், சம்பளம் டொலரில் என்றால் ரூபா விழுவது நமக்கு லாபம். படிக்கும் நான்கு ஆண்டில் கழுத்தை நெரிப்பதும் அதே வீழ்ச்சிதான்.

திரும்பி வந்தால்? பட்டம் செல்லும். ஏபெட் என்ற அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை வாஷிங்டன் உடன்படிக்கை (நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தம்) ஏற்கிறது, இலங்கையும் 2014 முதல் அதில் முழு உறுப்பு நாடு. ஆனால் கொழும்பில் எம்.ஈ.பி. (கட்டடத்தின் குளிரூட்டல், மின்சாரம், நீர்க்குழாய்) ஆலோசனை நிறுவனத்தில் இருக்கும் நண்பி சொன்னது இது: "எங்கே படிச்சனி எண்டு கேட்பினம், எவ்வளவு கடன் எண்டு கேட்கமாட்டினம்." உள்ளூர்ப் பட்டதாரிக்குக் கொடுக்கும் அதே தொடக்கச் சம்பளம்தான்.

இடையில் துபாய் யோசனையும் வந்தது. ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் அங்கே இதே படிப்பை நடத்துகிறது, சித்தப்பா வீட்டில் தங்கலாம். ஆனால் அங்குள்ள திர்ஹாம் டொலருக்கு 3.6725 என்று நிலையாகப் பிணைக்கப்பட்டது. பெயர்தான் வேறு, ஆபத்து அதேதான்.

கடைசியில் அனுமதியை விட்டுவிட்டு, ரூபாவில் கட்டணம் கட்டும் சிவில் எஞ்சினியரிங் பட்டத்தில் கொழும்பிலேயே தம்பியைச் சேர்த்தோம். காசு கட்டுமுன் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கல்லூரிக்கு நல்ல பெயர் இருப்பது வேறு, பட்டத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தையும் விசாரித்தோம். எங்கள் பட்டம் பட்டியலில் இருக்கவில்லை. சேமிப்பும், அம்மாவின் நகையில் கொஞ்சம் அடகும், என் பெயரில் நிலையான வட்டிக்கு ஒரு சிறு கடனும்.

அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. தம்பியோடு படித்த பையன் ஒருவன் போனான். அவனுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி கழிவு கிடைத்தது. அவன் இடத்தில் நாங்கள் இருந்தால் நானே டிக்கெட் எடுத்திருப்பேன்.

தம்பி கட்டடச் சேவைகள் பக்கம் பயிற்சி எடுக்கிறான். ஆர்கிடெக்சரல் எஞ்சினியரிங்கை அமெரிக்காவில் முதுகலையில் படிக்கலாம் என்பது திட்டம். அங்கே ஆராய்ச்சி உதவியாளர் இடம் கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி மாதப்படியும் வரும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கும் அதே 36 மாத வேலை அனுமதிதான். இப்போது அவன் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறான். பதில் எழுதியவர்களும் இருக்கிறார்கள், உதவித்தொகை பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.