புத்தகம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் என்ன கேட்பது?

சென்னையில் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து தருவது என் தொழில். பதிப்பகங்கள் வேலை தருவதுண்டு. எழுத்தாளர்களே நேரில் வருவதும் உண்டு. அப்படி நேரில் வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே எங்கோ பணம் கட்டி ஏமாந்தவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பிள்ளைகள் வெளியூர் போனபிறகு எழுத உட்கார்ந்த அம்மாக்கள். பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பணம் போன வருத்தத்தைக்கூட அவர்கள் ஆற்றிக்கொள்கிறார்கள். "என் எழுத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, அதுவும் பொய்யா சார்?" என்று கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்கும்.

கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருவது தவறே இல்லை. தமிழில் நல்ல கவிதைத் தொகுப்புகள் பல அப்படி வந்தவைதான். இத்தனை ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி), இந்தத் தாள், இத்தனை பிரதி, இவ்வளவு தொகை என்று சொல்லி அச்சடித்துத் தருகிறவர் நேர்மையாகத் தொழில் செய்கிறார். அச்சுக்கூலியையும் அதற்கு மேலே லாபத்தையும் எழுத்தாளரிடமே வாங்கிக்கொண்டு, தன்னைப் பதிப்பாளர் என்று சொல்லிக்கொள்கிறவரிடம்தான் கவனம் வேண்டும். பதிப்பாளர் என்றால் முதல் போடுகிறவர். போட்ட முதலை வாசகரிடம் விற்றுத்தான் எடுக்க வேண்டும். விற்பதற்கு முன்பே லாபம் கைக்கு வந்துவிட்டால், அவர் எதற்காக உங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலையப் போகிறார்?

அவர்கள் தரும் 'பேக்கேஜ்' பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். ஐஎஸ்பிஎன் என்ற, புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தன் புத்தகத்தைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அடுத்த வரியில் 'பதிப்புரிமைப் பதிவு' என்று இருக்கும். எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. செய்தே ஆக வேண்டும் என்றாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். அப்புறம், "நூலக ஆர்டர் வாங்கித் தர்றோம்" என்ற வாக்குறுதி. நூலகங்களுக்கான நூல்களைத் தேர்வு செய்வது அரசு. அதை முன்கூட்டியே விலைபேசி விற்க வெளியாள் யாருக்கும் உரிமை கிடையாது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். பலரிடம் அது இருக்காது, அல்லது வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரி இருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நிஜமாகவே நினைக்கிறேன். உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது உங்களிடமே திரும்பிவிடும். "பதிப்பகத்தார் உரிமையை எடுத்துக்கிட்டாங்க, இனி என் கதை எனக்கில்லை" என்று கையைப் பிசைந்துகொண்டு வந்தவர்களுக்கு இந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறேன். அதைப் படித்த பிறகுதான் அவர்களால் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

என் தொழில் சார்ந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வடிவமைப்புக்குப் பணம் கொடுத்தால் பிடிஎஃப் மட்டும் வாங்கி வராதீர்கள். திறந்து திருத்தக்கூடிய இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பையும், அட்டைப்படத்தின் மூலக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னும் சில இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். மாற்றி எடுத்தாலும் மறுபடி முழுக்க மெய்ப்புப் பார்க்க வேண்டும். எந்தக் கணினியிலும் எழுத்து சிதறாமல் திறக்கும் முறை யூனிகோடு. "யூனிகோடில் தருவீர்களா?" என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாம் பதிப்புக்கும் மின்நூலுக்கும் மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்காது. பிரதி எண்ணிக்கையும் அப்படித்தான். ஆயிரம் அச்சடித்தோம் என்று சொல்லிவிட்டு, கேட்கக் கேட்கப் பத்துப் பத்தாக அச்செடுத்துத் தருவது இன்று சுலபம். அச்சகத்தின் ரசீது நகலைக் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் தருவார்.

ஏமாறுவதால் ஒருவரை விவரமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. இத்தாலியைச் சேர்ந்த ஃபிலிப்போ பெர்னார்டினி, பதிப்புத் துறையினரைப் போல மின்னஞ்சல் அனுப்பி, வெளிவராத கையெழுத்துப் பிரதிகள் ஆயிரத்துக்கும் மேல் திருடினார். முகவரியில் ஆங்கில 'எம்' (m) எழுத்துக்குப் பதில், பார்க்க அதைப் போலவே தெரியும் 'ஆர்', 'என்' (rn) இரண்டையும் ஒட்டி வைத்தார், அவ்வளவுதான். புகழ்பெற்ற எழுத்தாளர்களும் அதற்குப் பலியானார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதாகி, மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகவே, ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

பணம் கட்டிவிட்டீர்களா? வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வங்கிப் பரிமாற்ற விவரங்களை எடுத்து வையுங்கள். இணையவழியில் ஏமாற்றி வாங்கியிருந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வாங்கிய பணத்துக்கு வேலை செய்து தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே மனு கொடுக்கலாம்.